தூரமும் ஒரு பூட்டுத்தான்

ஒரு மனிதனின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டுமானால், அவனுடைய பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும் என்பதில்லை. தடியெடுத்து அவனைத் துரத்த வேண்டும் என்பதுமில்லை. வாக்குப் பெட்டியை அவனால் போய்ச் சேர முடியாத இடத்தில் வைத்துவிட்டாலே போதும். சட்டப் புத்தகத்தில் அவனுடைய உரிமை ஓர் எழுத்தும் குறையாமல் இருக்கும். தேர்தல் நாளன்று அவன் மட்டும் வீட்டில் இருப்பான்.

இது வெறும் கற்பனையன்று, வாசக அன்பர்களே! மக்களாட்சிக்குத் தாமே இலக்கணம் வகுத்தவர்கள் என்று உலகுக்கெல்லாம் பாடம் சொல்லும் அமெரிக்க நாட்டில் நடந்துவருவதைத்தான் சொல்கிறேன்.

ரத்தம் சிந்திப் பெற்ற சட்டம்

நிறத்தின் பெயரால் எவருடைய வாக்குரிமையையும் மறுக்கலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் 1870-ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அந்நாட்டின் தென் மாநிலங்கள் அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்திவைத்தன. வாக்களிக்க வரி கேட்டார்கள். எழுத்தறிவுத் தேர்வு என்று சொல்லி, பதிலளிக்க முடியாத கேள்விகளைக் கேட்டார்கள். இவற்றையும் மீறி வந்தவர்களை அடித்தார்கள்.

1965 மார்ச் 7-ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு அமைதியாக ஊர்வலம் சென்றவர்கள் பாலத்தின் மீது தாக்கப்பட்டார்கள். முன்னணியில் நடந்த ஜான் லூயிஸ் என்ற 25 வயது இளைஞரின் மண்டை உடைந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டு நாடே அதிர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்தின் உயிர்நாடி அதன் ஐந்தாம் பிரிவு. பாகுபாடு காட்டிய வரலாறுடைய மாநிலங்களும் வட்டாரங்களும் தேர்தல் நடைமுறையில் எந்த மாற்றம் செய்வதானாலும், நடுவண் அரசின் நீதித் துறையிடமோ தலைநகரின் நீதிமன்றத்திடமோ முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்றது அது. ஒரு வாக்குச்சாவடியை இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு மாற்றுவதானாலும் இதே விதிதான். 'இம்மாற்றத்தால் சிறுபான்மையினருக்குப் பாதிப்பு இல்லை' என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு மாற்றம் செய்கிறவரைச் சேர்ந்தது. ஏழை வாக்காளன் வழக்கறிஞரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

2013 ஜூன் 25-இல் அந்த ஏற்பாடு முறிந்தது. எந்தெந்த மாநிலங்கள் அனுமதி பெற வேண்டும் என்பதற்கான கணக்கு பழையதாகிவிட்டது என்று கூறி, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதைச் செல்லாததாக்கியது. கணக்கு போயிற்று, அதைச் சார்ந்து நின்ற ஐந்தாம் பிரிவும் செயலிழந்தது. மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையார் கேட்டது பொருள் பொதிந்தது: மழை பெய்துகொண்டிருக்கும்போது, 'நான்தான் நனையவில்லையே' என்று சொல்லிக் குடையைத் தூக்கி எறியலாமா?

அன்று முதல் முறை தலைகீழானது. முதலில் சாவடியை மூடலாம். பாதிக்கப்பட்டவன் பிறகு வழக்குத் தொடுத்துக்கொள்ளலாம். தீர்ப்பு வருவதற்குள் தேர்தலே முடிந்துபோகும்.

ஏழு சாவடிகளின் கதை

இதன் விளைவைக் குடிமை உரிமை அமைப்புகளின் கூட்டமைப்பு ஒன்று கணக்கெடுத்து 2019-இல் வெளியிட்டது. முன்பு அனுமதி பெற வேண்டியிருந்த பகுதிகளில் 757 கவுண்டிகளை, அதாவது மாவட்டம் போன்ற பிரிவுகளை, அது ஆராய்ந்தது. 2012-க்கும் 2018-க்கும் இடையே அங்கே 1,688 வாக்குச்சாவடிகள் குறைந்திருந்தன. டெக்சாஸில் மட்டும் 750, அரிசோனாவில் 320, ஜார்ஜியாவில் 214.

எண்களைவிட ஓர் ஊரின் கதை தெளிவாகப் பேசும். ஜார்ஜியா மாநிலத்தின் தென்மேற்கில் ராண்டால்ஃப் என்றொரு கவுண்டி உள்ளது. சுமார் 7,000 பேர் வாழும் வேளாண் பகுதி, வறுமை மிகுந்தது. மக்களில் பத்தில் ஆறு பேர் கறுப்பினத்தவர். அங்கிருந்த வாக்குச்சாவடிகள் ஒன்பது. 2018 ஆகஸ்டில், அவற்றில் ஏழை மூடிவிடலாம் என்றொரு திட்டம் வைக்கப்பட்டது. நவம்பரில் ஆளுநர் தேர்தல். கறுப்பினப் பெண்மணியான ஸ்டேசி ஆப்ராம்ஸ் அதில் வேட்பாளர்.

சொல்லப்பட்ட காரணம் என்ன? அந்தக் கட்டடங்கள் உடல் ஊனமுற்றோர் நுழைவதற்கு ஏற்றவையாக இல்லையாம்! அவர்களுக்காக 1990-இல் இயற்றப்பட்ட நல்லதொரு சட்டம், சாவடியை மூடுவதற்குச் சாக்காகிவிட்டது. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளம் ஒன்று அமைத்துக் கொடுப்பது எளிதா, கதவையே பூட்டிவிட்டு அவரைப் பல மைல் தொலைவுக்கு அனுப்புவது எளிதா? படியேற முடியாதவருக்காக வீட்டையே இடிக்கும் வள்ளன்மை இது!

அந்த ஊர்களில் நம்மூர்போல் மணிக்கொரு பேருந்து கிடையாது. சொந்த வண்டி இல்லாதவர் பிறரை அண்டித்தான் நிற்க வேண்டும். அந்நாட்டில் தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. அது நாடு தழுவிய விடுமுறையுமன்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செவ்வாய்க்கிழமை என்று 1845-இல் சட்டம் செய்தபோது, குதிரை வண்டியில் வரும் உழவர்களின் வசதியைத்தான் எண்ணினார்கள். ஞாயிறு வழிபாடு முடிந்து, திங்கள் பயணம் செய்து, செவ்வாய் வாக்களித்து, சந்தை நாளுக்குள் ஊர் திரும்பட்டும் என்ற கரிசனம் அது. அந்த நாள் இன்று கூலி வேலை செய்பவருக்கு வேலை நாளாக இருக்கிறது. தூரம் கூடினால் அரை நாள் கூலி போயிற்று. வயிற்றுக்கும் வாக்குக்கும் இடையே ஏழை எதைத் தேர்வான்?

ஆனால் ராண்டால்ஃப் மக்கள் வாளாவிருக்கவில்லை. கூட்டம் கூட்டமாகச் சென்று முறையிட்டார்கள், கையொப்பம் திரட்டினார்கள். சட்ட உதவி அமைப்புகள் துணைக்கு வந்தன. செய்தி நாடெங்கும் பரவியது. ஆகஸ்ட் 24-ஆம் நாள் கவுண்டியின் தேர்தல் குழு கூடியது. இரண்டே உறுப்பினர்கள், ஒரு நிமிடத்துக்குள் முடிவு. திட்டம் கைவிடப்பட்டது; ஒன்பது சாவடிகளும் தப்பின.

ஊர் அறிந்ததால் அது தடுக்கப்பட்டது. அறியாமலே பூட்டப்பட்டவை எத்தனையோ! அதே ஆண்டில் கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டி என்ற ஊரில், சுமார் 13,000 வாக்காளர்களுக்கு இருந்த ஒரே சாவடி ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகப்பட்டது. பேருந்து நிறுத்தத்திலிருந்து அது ஒரு மைலுக்கும் அப்பால். அவ்வூர் மக்களில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசும் மரபினர். இறைச்சித் தொழிற்சாலைகளில் உழைப்பவர்கள்.

நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவடிகள் மூடப்படுவதெல்லாம் சூழ்ச்சியன்று. ஆரிகன், கொலராடோ போன்ற மாநிலங்கள் வாக்குச்சீட்டை அஞ்சலில் வீட்டுக்கே அனுப்பிவிடுகின்றன; அங்கே சாவடி குறைவது குறையாகாது. பணியாளர் கிடைக்காமையும் பணமின்மையும் மெய்யான இடர்ப்பாடுகளே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'மூடினார்களா?' என்பதன்று. 'யாரைக் கேட்டு மூடினார்கள்? அதற்கு ஈடாக என்ன கொடுத்தார்கள்?' என்பதே. முன் அனுமதி என்ற வேலி இருந்தவரை அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்டது. வேலி போனபின் கேட்பதற்கு மக்களைத் தவிர வேறு யாருமில்லை. 2020-இல் மறைந்த ஜான் லூயிஸின் பெயரால் அவ்வேலியை மீண்டும் கட்டக் கொண்டுவரப்பட்ட மசோதா, 2021-இல் கீழவையில் நிறைவேறியும் மேலவையைத் தாண்டவில்லை.

நம் வாசலில்

நம் நாட்டின் நடைமுறையில் இவ்வொரு செய்தியில் நாம் மகிழ இடமுண்டு. வாக்காளர் எவரும் 2 கிலோமீட்டருக்கு மேல் செல்ல நேரலாகாது என்பது தேர்தல் ஆணையத்தின் பொதுவான வழிகாட்டுதல். அருணாசலப் பிரதேசத்தின் மாலோகம் என்ற ஊரில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக 2019-லும் 2024-லும் அலுவலர்கள் மலைவழி நடந்து சென்று சாவடி அமைத்தனர். நம் தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குக் கழுதைகளின் முதுகில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் ஏறிச் சென்றிருக்கின்றன. மக்களை நாடிப் பெட்டி செல்ல வேண்டும் என்ற கொள்கை உயர்ந்தது.

ஆயினும் கொள்கை தானாகக் காவல் நிற்பதில்லை. ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த உச்ச வரம்பை 1,200 ஆகக் குறைக்க 2025-இல் ஆணையம் முடிவு செய்தது. நெரிசல் குறையும், நல்லதே. ஆனால் சாவடிகள் பிரிக்கப்படும்போது இடங்களும் மாறும். ஒரே வீட்டில் உள்ளவர்கள் வெவ்வேறு சாவடிகளுக்குப் போக நேரிடலாம். சாவடிகளின் வரைவுப் பட்டியலை மாவட்டத் தேர்தல் அலுவலர் வெளியிட்டு ஆட்சேபம் கேட்பார். அந்தச் சில நாள்களில் அதைப் படித்துப் பார்க்கிறவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

முட்டுவலியோடு இருக்கும் பாட்டிமார்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள், கணவர் வெளிநாட்டில் இருக்கத் தனியே குடும்பம் நடத்தும் சகோதரிகள் - சாவடி அரை மைல் தள்ளிப்போனால் முதலில் நின்றுவிடுவது இவர்களின் வாக்குத்தான். 'ஒரு வாக்கில் என்ன ஆகிவிடும்?' என்று அவர்களே தம்மைத் தேற்றிக்கொண்டும் விடுவார்கள்.

அடுத்த முறை வரைவுப் பட்டியல் வெளியாகும்போது, ஊருக்கு இரண்டு இளைஞர்களாவது போய்ப் பாருங்கள். உங்கள் தெருவுக்கு எந்தச் சாவடி, எவ்வளவு தூரம், சாய்தளம் உண்டா, நிழலும் குடிநீரும் உண்டா என்று கேளுங்கள். குறையிருந்தால் கெடு முடிவதற்குள் எழுத்தில் கொடுங்கள். தேர்தல் நாளன்று சாவடி வாசலில் நின்று சண்டையிடுவதைவிட, இரண்டு மாதம் முன்னால் எழுதும் ஒரு பக்க மனு பயன் தரும்.