குயில் என்று சொல்லாதீர்கள்

நம் ஊரில் அரசியல் பற்றி மாற்றுக் கருத்துச் சொல்லிவிடலாம். கொஞ்சம் அடி வாங்கத் தயாராக இருந்தால் கடவுளைப் பற்றிக்கூடச் சொல்லிவிடலாம். பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்க முடியாது. "எனக்கு அந்தப் பாட்டு பிடிக்காது" என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்கு ரசனை இல்லை என்பதில் தொடங்கி மனசே இல்லை என்பது வரைக்கும் விசாரணை நீளும். எனவே தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாட்டு பிடிக்கும். பாடுகிற பெண்களை மிகவும் பிடிக்கும். அவர்களை நாம் கொண்டாடுகிற விதம்தான் பிடிக்கவில்லை. "குயில்" என்கிற ஒரு சொல்லில் தொடங்குகிறது என் சண்டை.

முதலில் பறவையைப் பற்றிப் பேசிவிடுவோம். விடியற்காலையில் மாமரத்திலிருந்து கூ... கூ... என்று ஏறிக்கொண்டே போகிறதே ஒரு குரல், அது ஆண்குயிலின் குரல். கறுத்த உடம்பும் சிவந்த கண்ணும் கொண்ட ஆண்குயில் துணையை அழைக்கிறது. உடம்பெல்லாம் புள்ளி போட்ட பழுப்பு நிறப் பெண்குயில் அப்படிப் பாடுவதில்லை. அதன் குரல் கிக் கிக் என்று வெட்டிவெட்டி வரும் ஒரு கூச்சல். யாரும் அதற்காக ஜன்னலைத் திறந்து வைப்பதில்லை. ஆணின் பாட்டைப் பெண்ணின் பெயரில் எழுதிவைத்துவிட்டு நூற்றாண்டுகளாக நாம் உருகிக்கொண்டிருக்கிறோம். பாரதியின் 'குயில் பாட்டி'ல் பாடுகிற குயிலும் பெண்தான். கவிதைக்கு இயற்கை அறிவியல் தேவையில்லை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தவறு எனக்கு ஒரு கேலிச்சித்திரம் போலத் தெரிகிறது. ஏனென்றால் தமிழ் இசையில் நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுவேதான். ஆண் எழுதிய வரி, ஆண் போட்ட மெட்டு, ஆண்கள் வாசித்த வாத்தியம். அதைப் பெண்ணின் தொண்டையில் வைத்து, இது அவளுடைய பாட்டு என்கிறோம்.

பட்டங்களைக் கவனியுங்கள். ஆண்களுக்கு மெல்லிசை மன்னர், திரையிசைத் திலகம், இசைஞானி, இசைப்புயல். அரசன், நெற்றித் திலகம், முனிவன், இயற்கைச் சீற்றம். பெண்களுக்குக் குயில். இசைக்குயில், கானக்குயில், இவை போதாமல் சின்னக்குயில். 1985இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு கே.எஸ். சித்ராவுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அறுபது வயதைக் கடந்து, பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடல்களைப் பாடி முடித்த பின்னும் அவர் சின்னதாகவே இருக்கிறார். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் 'பாடும் நிலா' என்றார்களே என்று யாராவது சொல்லலாம். சரி, அவருக்கு வானத்தில் இடம் கொடுத்தார்கள். நமக்குக் கிளையில்.

இந்தச் "சின்ன" என்பது தற்செயலாக வந்ததில்லை. பெண்குரல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். உச்சத்தில் இருக்க வேண்டும், மெலிந்திருக்க வேண்டும், வயது தெரியக் கூடாது, உடம்பு தெரியவே கூடாது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1935இல் 'நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில், கதாநாயகனாகவே நடித்துப் பாடினார். அதற்கு அவர் ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் வாங்கினார் என்பது திரை வரலாற்றில் பதிவான செய்தி. 1951இல் சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். அவருடைய குரலில் கனம் உண்டு. நாடக மேடையில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்ந்து பழகிய குரல் அது. பிறகு சினிமா அந்தக் கனத்தை என்ன செய்தது? கிழவிக்கும் பக்திக்கும் ஒதுக்கியது. 1953இல் அவ்வையார், 1965இல் 'திருவிளையாடலி'ல் மறுபடியும் அவ்வையார். காதலிக்கிற பெண்ணுக்கு அந்தக் குரல் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

மிச்சமிருந்த குரல்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். 1960களின் படங்களைக் கேளுங்கள். பி. சுசீலாவின் குரல் நாயகிக்கு. எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் கிளப்பில் ஆடுகிறவளுக்கு, குறும்புக்காரத் தோழிக்கு, சந்தையில் பழம் விற்கிறவளுக்கு. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் விதி இதுதான். மூச்சு கேட்டால், சிரிப்பு கேட்டால், தொண்டையில் ஒரு கரகரப்பு கேட்டால் அவள் குடும்பப் பெண் இல்லை. ஒழுக்கத்தை உடையில் பார்க்கிற சமூகம் அதைக் காதாலும் அளந்தது. இதைச் சொன்னால் சுசீலாம்மாவைக் குறை சொல்கிறாயா என்று அடிக்க வருகிறார்கள். அவர் குரலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதை அளவுகோலாக நட்டுவைத்து மற்ற பெண்களின் தொண்டையை அளந்தவர்களோடுதான் என் வழக்கு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருக்களில் குழாய் ஒலிபெருக்கி கட்டியதும் முதலில் கேட்கிற குரல் யாருடையது? அதே எல்.ஆர். ஈஸ்வரி. நாயகிக்கு ஒவ்வாத குரல் மாரியம்மனுக்கு ஒத்துப்போனது. அம்மனுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

வயதுக்கு வருவோம். 2020இல் வந்த 'தர்பாரி'ல் ரஜினிகாந்தின் அறிமுகப் பாட்டைப் பாடியபோது எஸ்.பி.பி. எழுபதைக் கடந்தவர். தியேட்டர் எழுந்து ஆடியது. அதில் தவறே இல்லை. எழுபதைக் கடந்த ஒரு பெண் பாடகிக்கு ஒரு நாயகியின் அறிமுகப் பாட்டைக் கொடுப்பார்களா? அவரை ஒரு விழாவுக்கு அழைத்து, சால்வை போர்த்தி, பழைய பாட்டில் நாலு வரி பாடச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மரியாதை என்ற பெயரில் ஓய்வு கொடுப்பது. 2013இல் எஸ். ஜானகி பத்மபூஷண் விருதை வேண்டாம் என்றார். காலம் தாழ்ந்து வந்தது என்பது அவர் வாதம். இனிமையாகப் பாடியவர் இனிமையாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று பலருக்கு உறுத்தியது. அதே ஜானகி 1989இல் 'மௌனப் போராட்டம்' என்ற தெலுங்குப் படத்துக்கு இசையமைத்தவர். நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? குழந்தைக் குரலில் பாடுவார், கிழவிக் குரலில் பாடுவார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பெண் பாடினால் கைதட்டல். பெண் எழுத, மெட்டுப்போட, தாளம் பிடிக்க வந்தால் முகம் மாறுகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாளைப் பாருங்கள். பாட்டுக்காகக் கொண்டாடப்பட்டவர். முத்துப்பழனி என்ற பெண் எழுதிய 'ராதிகா சாந்த்வனம்' என்னும் தெலுங்குக் காவியத்தை 1910இல் அவர் பதிப்பித்தார். ஒரு பெண் எழுதிய சிருங்காரம், அதை இன்னொரு பெண் அச்சேற்றுகிறாள். ஆபாசம் என்று கூக்குரல் எழுந்தது. மறு ஆண்டே ஆங்கில அரசு தடை போட்டது. தடை நீங்க 1947 ஆயிற்று. அதே நாகரத்தினம்மாள்தான் தன் சம்பாத்தியத்தைக் கொட்டித் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் கட்டினார். கட்டிய இடத்தில் பெண்கள் பாடுவதற்கே அவர் தனி அணி திரட்டிப் போராட வேண்டியிருந்தது. பெண்ணின் பணம் செங்கல்லாகப் போகலாம், பெண்ணின் குரல் உள்ளே போக அனுமதி வேண்டும். வாத்தியத்தின் கதையும் இதேதான். பெண்ணுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்த வித்வான்கள் இருந்தார்கள். சுகன்யா ராம்கோபால் கடத்தை மடியில் வைத்தபோது, அது பெண்ணுக்கான வாத்தியம் இல்லை என்ற பேச்சைத் தாண்டித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. தண்ணீர்க் குடம் இடுப்பில் இருக்கலாம். தாளக் குடம் மடியில் இருக்கக் கூடாது.

இப்போது எல்லோருக்கும் பிடிக்காத கருத்துக்கு வருகிறேன். 2015 டிசம்பரில் பீப் பாட்டு என்ற ஒன்று வெளியே வந்தபோது தமிழ்நாடே கொதித்தது. கொதித்ததில் தவறில்லை. ஆனால் அது எளிய எதிரி. யார் பேசுகிறான், யாரைப் பேசுகிறான் என்பது அதில் பளிச்சென்று தெரியும். எனக்குப் பயம் வயலினும் புல்லாங்குழலும் வைத்த மெலடியின் மீதுதான். உன் காலடியே போதும், நீ அடித்தாலும் அணைத்தாலும் எனக்குச் சம்மதம், உனக்குப் பின்னால் எனக்கென்று ஒரு பெயர் எதற்கு என்று ஒரு ஆண் எழுதுகிறார். அதை ஆண் குரலில் பாடினால் கட்டளை என்று நமக்குப் புரிந்துவிடும். பெண் குரலில், அத்தனை அழகான குரலில் பாடும்போது அது அவளுடைய ஆசை ஆகிவிடுகிறது. பேருந்தில் காதில் செருகிக்கொண்டு போகிற பெண் அதைத் தன் ஆசையாகவே முணுமுணுக்கிறாள். கெட்ட பாட்டை எதிர்க்க ஊர்வலம் போகலாம். நல்ல பாட்டை எதிர்க்க நாம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"பாட்டைப் பாட்டாகக் கேள்" என்பார்கள். கேட்கிறேன். பாட்டு என்றால் சொல்லும் சேர்ந்ததுதானே? தமிழ்தான் உயிர் என்று மேடையில் முழங்குகிறவர்கள், பெண்ணைப் பற்றிய வரி வரும்போது மட்டும் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது என்கிறார்கள்.

நான் வேலை பார்க்கிற கல்வித் துறையும் இதில் சுத்தமில்லை. ஒரு கல்லூரி விழா அழைப்பிதழைக் கையில் எடுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து: மாணவியர். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை எல்லாவற்றுக்கும் முனைவர் பட்டத்தோடு பெயர் இருக்கும். பாடுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, வெறும் "மாணவியர்". எழுதியவர் மனோன்மணீயம் சுந்தரனார், மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன். பாட மட்டும் பெண்பிள்ளைகள். பாடி முடித்ததும் பக்கவாட்டுப் படியில் இறங்கிவிட வேண்டும்.

ஆய்வேடுகளின் பின்னிணைப்பைப் புரட்டுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பெண்கள் கட்டியவை. வார்த்தையும் அவளுடையது, மெட்டும் அவளுடையது. இறந்தவரின் பெயருக்கும் குணத்துக்கும் ஏற்ப அந்த இடத்திலேயே வரி கட்டுகிறாள். பாடகியும் புலவரும் இசையமைப்பாளரும் ஒரே பெண். அவளுக்கு நம் துறை வைத்திருக்கிற பெயர் "தகவலாளர்". பெயர், வயது, ஊர், தொழில்: கூலி. எழுதி எடுத்தவர் தொகுப்பாசிரியர் ஆகி அட்டையில் இருக்கிறார். சபாவில் பாடினால் இசை, இழவு வீட்டில் பாடினால் வழக்காறு. இந்தப் பிரிவினையில் பால் மட்டும் இல்லை, சாதியும் கூலியும் இருக்கின்றன. ஒப்பாரியைத் தகவல் என்கிற வரைக்கும் நம் இசை வரலாறு பாதி வரலாறுதான்.

குயில் வாயைத் திறந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். 2018இல் சின்மயி ஒரு பாடலாசிரியர் மீது பாலியல் குற்றச்சாட்டைப் பொதுவெளியில் வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். சந்தா கட்டவில்லை என்பது சங்கம் சொன்ன காரணம். அதுவரை அவர் பாட்டைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கியவர்கள், "இவ்வளவு நாள் ஏன் பேசவில்லை" என்று கேட்டார்கள். இவ்வளவு நாள் அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார். நாம் குரலைக் கேட்டோம், ஆளைக் கேட்கவில்லை.

புறநானூற்றின் பதினோராம் பாட்டு பேய்மகள் இளவெயினி எழுதியது. சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோ பகைவரை வென்றான், அவன் மறம் பாடிய பாடினி பொன் அணிகலன் பெற்றாள், உடன் பாடிய பாணன் பொற்றாமரை பெற்றான் என்று அடுக்கிக்கொண்டே போகிறாள். துறை, பரிசில் கடாநிலை. பாடிய பெண்ணுக்குக் கூலி வந்துவிட்டது, எழுதிய பெண் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இன்றைக்குத் தாமரையும் உமாதேவியும் திரைப்பாட்டு எழுதுகிறார்கள். அவர்களை எண்ண விரல்களே போதும் என்றால், பரிசில் கடாநிலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.

ஆகவே மாணவிகளுக்குச் சில வேண்டுகோள்கள். ஒரு பாட்டு பிடித்திருந்தால் எழுதியது யார், மெட்டு யாருடையது, வாசித்தது யார் என்று தேடுங்கள். தொண்டை கரகரப்பாக இருக்கிறது என்று உங்களைக் குழுப்பாடலின் கடைசி வரிசையில் நிற்கவைத்தால், முன்வரிசைக்கு வாருங்கள். இனிமையாகப் பாடத் தெரிந்தவர்கள் இனிமையில்லாத ஒன்றையும் பாடிப் பாருங்கள். தோலிசைக் கருவியைத் தொடுங்கள், கை சிவக்கட்டும். உங்கள் பாட்டியின் ஒப்பாரியை எழுதி எடுத்தால் அட்டையில் அவள் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயர் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

யாராவது உங்களைக் குயில் என்றால் ஆண்டாளை நினைத்துக்கொள்ளுங்கள். நாச்சியார் திருமொழியில் அவள் குயிலிடம் பேசுகிறாள். என் ஆளை வரச் சொல்லிக் கூவு என்று வேலை ஏவுகிறாள். கூவாவிட்டால் இந்தச் சோலையிலிருந்தே துரத்திவிடுவேன் என்று மிரட்டவும் செய்கிறாள். குயில் அவளுக்குப் பட்டம் இல்லை, வேலைக்காரப் பறவை. பாட்டு அவளுடையது.