கிணறு எதற்கு?

"கதை நன்றாக வந்திருக்கிறது அம்மா. கடைசியில் மட்டும் அவளைக் கிணற்றில் தள்ளிவிடுங்கள். அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம்."

டெலிபோனில் இப்படிச் சொன்னவர் கொலைகாரர் அல்ல. ஒரு பத்திரிகையின் ஆசிரியர். தங்கமான மனிதர், மூன்று பெண்களைப் பெற்று, மூவரையும் நன்றாகப் படிக்கவைத்தவர். என் கதைகளைப் பத்து வருஷமாகப் போட்டுவருகிறவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் அந்தக் கிணற்றின் மேல்தான்.

கதை இதுதான். அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலையில், உள்ளே தள்ளி ஒரு தோட்டம். ராமாத்தாள் என்று 42 வயதுக்காரி. புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். போர் மோட்டார் எரிந்துபோக, அதைத் தூக்கிச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வருகிறான். வேலை இரண்டு நாள் இழுக்கிறது. இரண்டாம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொள்கிறது. "இந்த மழையில் எங்கே போறீங்க?" என்கிறாள். அவன் போகவில்லை. அவ்வளவுதான், அந்த இரவைப் பற்றி நான் நாலு வாக்கியத்துக்கு மேல் எழுதவில்லை. விடியற்காலையில் மகன் வருகிறான். வாசலில் அந்நியன் வண்டி. ராமாத்தாள் ஒளியவில்லை, அழவில்லை. இருவருக்கும் காப்பி வைக்கிறாள். பிறகு கேனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போகிறாள். கதை முடிந்தது.

இதற்குத்தான் கிணறு கேட்டார்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளைப் பற்றி அவருக்குத் தெரியாது, பாவம். பல வருஷமாக அவற்றில் தண்ணீர் கிடையாது. ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வரும். விழுந்தால் முழங்கால் உடையுமே தவிர உயிர் போகாது. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் ஒருவழியாகத் தொடங்கி, ஆயிரத்துச் சொச்சம் குளங்குட்டைகளுக்கு பவானித் தண்ணீரைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். இனிமேல் ஆசிரியர்களின் விருப்பம் நிறைவேறலாம்.

அதிருக்கட்டும். ஆசிரியர் சொன்ன காரணத்தைக் கேளுங்கள். "நம் வாசகர்களுக்குச் சங்கடமாக இருக்கும்" என்றார். எது சங்கடம்? ராமாத்தாளின் உடம்பா? அதே பத்திரிகையில் அதற்கு முந்தின மாதம் ஒரு கதை வந்தது. ஒரு பெண்ணை நாலு பேர் சேர்ந்து நாசம் செய்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கு விவரமாக. படம் வேறு போட்டிருந்தார்கள். ஒரு வாசகருக்கும் சங்கடம் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. "கண்ணீர் வரவழைத்துவிட்டது" என்று கடிதங்கள்தான் வந்தன. ஆகவே உடம்பு அல்ல விஷயம். பெண்ணுடம்பை அடிக்கலாம், எரிக்கலாம், கிழிக்கலாம், வாசகர் தாங்கிக்கொள்வார். அந்த உடம்புக்குச் சொந்தக்காரி "எனக்கு வேண்டும்" என்று ஒருமுறை சொன்னால்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டு, மறுநாள் பால் கறக்கவும் போய்விட்டால் அறவே தாங்க முடியவில்லை.

நம் சிறுகதையின் சரித்திரத்தையே இப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1934இல் புதுமைப்பித்தன் 'பொன்னகரம்' எழுதினார். அடிபட்டுக் கிடக்கிற புருஷனின் கஞ்சிக்காக அம்மாளு இருட்டுச் சந்தில் ஒருவனோடு ஒதுங்குகிறாள். அன்று அதிர்ந்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்தக் கதையை நாம் ஜீரணம் செய்துகொண்டோம். எப்படி? அவள் போனது புருஷனுக்காக அல்லவா! கற்பை விற்றாலும் பதிவிரதைதான் என்று ஒரு சமாதானம் நமக்குக் கிடைத்துவிட்டது. (புதுமைப்பித்தன் கேலி செய்தது நம்மைத்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டோம்.) கு.ப.ரா.வின் 'ஆற்றாமை'யில் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. அங்கே பசி இல்லை, நோயாளிப் புருஷன் இல்லை. கணவனை விட்டுப் பிரிந்திருக்கிற ஓர் இளம் பெண். சுவருக்கு அந்தப் பக்கம் சந்தோஷமாக ஒரு தம்பதி. அவ்வளவே. அவளுடைய வெம்மையும் பொறாமையும் அவளுடையவை. அந்தக் கதையில் 'நடந்தது' என்று எதுவுமே இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் வாசகர் நாற்காலியில் நெளிகிறார்.

எங்கள் கொங்கு நாட்டு ஆள் ஒருவர் இதை இன்னும் அடியில் போய்த் தோண்டியிருக்கிறார். ஆர். ஷண்முகசுந்தரம், 1942இல் 'நாகம்மாள்' எழுதினார். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். நாகம்மாள் விதவை. கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கிறாள், ஒரு பெண் குழந்தை. கெட்டியப்பன் என்பவனோடு சிநேகம். அதோடு நின்றிருந்தால் ஊர் வம்போடு போயிருக்கும். அவள் இன்னொன்றும் கேட்கிறாள்: நிலத்தில் என் பங்கைப் பிரித்துக் கொடு. கதை கொலையில் போய் நிற்கிறது.

நாகம்மாளுக்கு வேண்டியவை இரண்டு: ஓர் ஆணும், ஒரு துண்டு மண்ணும். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டதுதான் ஊர் பொறுக்காத குற்றம். சட்டமும் அன்று அவள் பக்கம் இல்லை. இந்து விதவைக்குக் கணவன் பங்கில் பாத்தியதை கொடுத்து 1937இல் ஒரு சட்டம் வந்தது. அது விவசாய நிலத்துக்குச் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல்தான். மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் வந்தது 1989இல். நாகம்மாள் கேட்டதற்கும் சட்டம் அசைந்ததற்கும் நடுவில் எத்தனை வருஷம் பாருங்கள். காடு யார் பேரில் இருக்கிறதோ, அவன் பேரில்தான் அந்த வீட்டுப் பெண்ணின் உடம்பும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பட்டா. சிறுகதைக்காரன் அந்தப் பட்டாவில் பேரை மாற்றி எழுதிவிடுகிறான். அதனால்தான் சங்கடம். ஆபாசம் என்பதெல்லாம் பிறகு கண்டுபிடித்த காரணம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் திருச்செங்கோடு வரைக்கும் என்னோடு வர வேண்டும். அன்னூரிலிருந்து அவிநாசி, பெருந்துறை, ஈரோடு தாண்டினால் வந்துவிடும். மலைமேல் அர்த்தநாரீஸ்வரர்: பாதி ஆண், பாதி பெண். பெருமாள்முருகன் 2010இல் எழுதிய 'மாதொருபாகன்' இந்த ஊர்க் கதை. பிள்ளையில்லாத பொன்னாவை, தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், சாமி கொடுத்த பிள்ளை என்ற பேரில், முகம் தெரியாத ஒருவனோடு போகச் சொல்கிறது வீடு. நாலு வருஷம் சும்மா இருந்த புத்தகத்தை 2014 டிசம்பரில் எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானப் பேச்சு'. ஆசிரியரிடம் மன்னிப்பை எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தடை கேட்ட மனுவைத் தள்ளி, அந்தச் சமாதானம் அவரைக் கட்டாது என்று சொன்ன பிறகுதான் அவர் மீண்டும் எழுதினார்.

எங்கள் பெண்களின் மானம் போயிற்று என்றார்கள். சரி. 'எங்கள்' என்ற சொல்லைக் கவனியுங்கள். புத்தகத்தைப் புரட்டினால், பொன்னா தானாக முடிவு செய்து அந்தத் திருவிழாவுக்குப் போகவில்லை. தாயும் மாமியாரும் அண்ணனும் சேர்ந்து திட்டம் போடுகிறார்கள். கணவன் சம்மதித்துவிட்டான் என்று அவளிடம் பொய் சொல்கிறார்கள். பிள்ளையில்லாதவள் என்று ஊர் அவளை எத்தனை விதத்தில் அறுத்தது என்பதைப் பக்கம் பக்கமாகச் சொல்கிற கதை அது. அந்தப் பக்கங்கள் யாரையும் புண்படுத்தவில்லை. அந்த இரவுக் கூட்டத்தில், கொஞ்ச நேரம், இந்த ஆள் வேண்டாம், அந்த ஆள் சரி என்று அவள் கண் தேடுகிறதே, அந்தக் கொஞ்ச நேரம்தான் புண்படுத்தியது.

அதே 2015இல், ஜூன் 23ஆம் தேதி, அதே மலைக்கோவிலில் ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞரைக் கடத்திப் போனார்கள். மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022இல் மதுரை நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒரு பெண் யாரோடு பேசலாம் என்பதை அவளைத் தவிர எல்லாரும் தீர்மானிக்கிற ஊரில், கதைக்கு ஒரு நியாயம், கொலைக்கு ஒரு நியாயமா இருக்கும்? அந்த 2022இலேயே ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையைப் பல தடவை எடுத்து விற்ற வழக்கு வெளிவந்தது. பெற்ற தாயே உடந்தை. அதற்காக எந்த ஊரிலும் கடையடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. உடம்பை விற்றது வீட்டார். ஆகவே, பாத்தியதைக்குப் பங்கம் இல்லை.

முற்போக்கான வாசகர்கள் இந்த இடத்தில் எனக்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். "அதெல்லாம் பாமர ஜனம். படித்தவர்கள் நாங்கள் 1966இலேயே 'அக்னிப் பிரவேச'த்தை ஏற்றுக்கொண்டோமே!" உண்மைதான். விகடனில் ஜெயகாந்தன் எழுதிய அந்தக் கதையை வைத்து அன்று ஊரே இரண்டுபட்டது. மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருவன் காரில் ஏறுகிறாள், கெட்டு வருகிறாள், தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தம் என்று சொல்லிவிடுகிறாள். எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆனாலும் ஒரு கேள்வி. அந்தப் பெண் என்ன நினைத்தாள்? அவளுக்குப் பயமா, ஆசையா, வெறுப்பா, மூன்றுமா? சண்டை போட்ட இரு கட்சியாரும் கேட்டது, அவள் சுத்தமா, அசுத்தமா என்றுதான். பாத்திரம் கழுவப்பட்டதா என்பது விவாதம். பாத்திரத்திடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. இதை ஜெயகாந்தனே உணர்ந்திருக்க வேண்டும். பிற்பாடு 'சில நேரங்களில் சில மனிதர்க'ளில் அவளுக்கு கங்கா என்று பேரும் வாயும் கொடுத்துவிட்டார். பேச ஆரம்பித்த கங்காவை நம் வாசகர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால்..." என்றார்கள்.

எழுதுகிறவளும் பெண்ணாக இருந்துவிட்டால் இந்த 'ஆனால்' இன்னும் நீளும். எங்கள் கோயமுத்தூரில் பிறந்த அம்பை 'அம்மா ஒரு கொலை செய்தாள்' எழுதினார். புதிதாகப் பெரியவளான சிறுமி, ஆறுதலுக்கு அம்மாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள். வந்த அம்மா சலிப்பாகச் சொல்கிற ஒரு வார்த்தைதான் அந்தக் கொலை. ரத்தம் இல்லை, ஆண் இல்லை, ஆனால் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். உருதுவில் இஸ்மத் சுக்தாய் 1942இல் 'லிஹாஃப்' எழுதியதற்கு லாகூர் கோர்ட்டில் ஆபாச வழக்கு நடந்தது. ஆபாசமான ஒரு சொல்லைக்கூட எடுத்துக்காட்ட முடியாமல் வழக்கு விழுந்தது. சொல்லில் இல்லை அது. போர்வைக்குள் இருப்பவள் ஒரு மனுஷி என்று வாசகனுக்குத் தெரிந்துவிட்டதில் இருந்தது.

என் சொந்த அனுபவம் இவ்வளவு பிரமாதமில்லை. கல்லூரியில் ஒரு வருஷம் படித்து, கல்யாணமாகி, தறிச் சத்தத்துக்கு நடுவில் எழுத ஆரம்பித்தவள் நான். முன்பு ஒரு கதை வந்தபோது, எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டார். தினமும் என்னைப் பார்க்கிறவர்; "என்ன அம்மிணி, சௌக்கியமா?" என்று கேட்கிறவர். கதையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடையில் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் மாப்பிள்ளை, வூட்டுல இப்படியெல்லாம் எழுதறாங்களே, நீங்க படிச்சுப் பாத்துத்தான் அனுப்பறதுங்களா?"

"அதை அவகிட்டயே கேட்டுக்கங்ணா" என்று சொல்லிவிட்டு இவர் வந்துவிட்டார். வந்து என்னிடம் சொல்லும்போது சிரித்தார். ஆனால் ராத்திரி, "அந்தக் கதையில வர்றது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார். யாருமில்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து விளக்கை அணைத்தார். நல்ல மனிதர்தான் அவரும்.

ராமாத்தாள் கதையை நான் முதலில் சொன்னது எங்கள் அம்மிச்சியிடம். 24 வயதில் வெள்ளைச் சீலை கட்டினவள். 88 வயதுவரை அதை மாற்றவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு முழுக் கதையும் கேட்டாள். மெக்கானிக் தங்கினான் என்ற இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் கிணறு கேட்டதைச் சொன்னபோதுதான் திரும்பினாள்.

"கெணத்துல எதுக்காயா வுழோணும்? அவ வுழுந்துட்டா எருமைக்கு ஆரு தண்ணி காட்டறது?"

கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒரு சிறு பத்திரிகையில் முந்நூறு பேர் படித்திருப்பார்கள். ராமாத்தாள் பாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.