காதுக்கு இமை இல்லை!

கண்ணுக்கு இமை உண்டு. பார்க்கப் பிடிக்காவிட்டால் மூடிக்கொள்ளலாம். வாய்க்கு உதடு உண்டு. உண்ண விருப்பம் இல்லையென்றால் இறுக்கிக்கொள்ளலாம். காதுக்கு மட்டும் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. மனிதன் தூங்கினாலும் அவன் காது தூங்குவதில்லை.

இதை உணர்வதற்குப் பெரிய புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவே இருக்கிறது காட்டூர். சாலையோரத்து வீடு ஒன்றில் ஓர் இரவு தங்கினால் போதும்.

பெயரில்தான் காடு இருக்கிறது. இன்று அங்கே இருப்பவை வீடுகள், கடைகள், பள்ளிக்கூடங்கள். ஊரின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது. லாரி போகும், பஸ் போகும். போகிறபோது சும்மா போவதில்லை. ஊரையே உலுக்கும் ஹாரன் ஒலியுடன் போகும். புதிதாக வந்த விருந்தாளி தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்காருவார். வீட்டுக்காரரோ, "எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

உண்மையில் பழகிவிட்டதா? அதுதான் கேள்வி.

பழகும் புலன்கள்

சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் புலன்களுக்கு உண்டு. உச்சி வெயிலில் மலைக்கோட்டைப் படிகளில் ஏறுகிறவருக்கு, உள்ளே நுழைந்ததும் எல்லாம் இருட்டாகத் தெரியும். சற்று நின்றால் படியும் தெரியும், பக்கத்துச் சுவரும் தெரியும். கண் இருட்டுக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டது. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைகளுக்கு இடையே நுழைகிறவருக்கு முதலில் நெடி தாங்காது. கால் மணி நேரம் போனால் அந்த வாசனை இருப்பதே மறந்துவிடும். உடம்பில் சட்டை உரசுவதை யாராவது நாளெல்லாம் நினைத்துக்கொண்டா இருக்கிறார்கள்?

ஆகவேதான் ஓசையும் அப்படியே பழகிவிடும் என்று மக்கள் நம்புகிறார்கள். பாதி உண்மை, பாதி ஏமாற்றம். மனம் பழகிக்கொள்கிறது. நரம்பு முழுதும் பழகுவதில்லை.

காட்டில் வாழ்ந்த மனிதனுக்குத் திடீர் ஓசை என்றால் ஆபத்து என்று பொருள். புலியாக இருக்கலாம், முறிந்து விழும் மரமாக இருக்கலாம். யோசித்துக்கொண்டு நின்றால் உயிர் போய்விடும். ஆகவே மூளை யோசிப்பதற்கு முன்பே உடல் துள்ளும்படி நரம்பு மண்டலம் அமைந்தது. திடீர் ஒலி கேட்டு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆவதற்குள் கண் சிமிட்டத் தொடங்கிவிடுகிறது. கழுத்தும் தோளும் இறுகுகின்றன. இரத்தத்தில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. புலி போய் லாரி வந்தது நரம்புக்குத் தெரியாது!

தூக்கத்திலும் இதுவே நடக்கிறது. ஹாரன் கேட்டு விழிக்காதவருக்குக் கூட, அந்த நேரத்தில் இதயத் துடிப்பு ஏறி இறங்குவதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. உடல் மட்டும் கணக்கு வைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் சாலை இரைச்சலுக்கு நடுவே வாழ்வதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல் எடுத்துச் சொல்கிறது. இரவில் சாலை ஓசை 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

கோழிக்கு உள்ள வசதி

காதுக்குள்ளே நத்தைக்கூடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சுமார் 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலி அலையை நரம்புச் செய்தியாக மாற்றுபவை அவைதாம். பேரோசை அவற்றைச் சிதைக்கிறது. நடுக்காதில் உள்ள சிறு தசை ஒன்று இறுகிக் காவல் காக்கப் பார்க்கும். ஆனால் அது இறுகச் சிறிது நேரம் பிடிக்கும். திடீர் ஓசை அதற்குள் உள்ளே போய்விடும்.

கோழிக்குக் கூட அழிந்த மயிரணு திரும்பவும் உண்டாகிறது. மனிதனுக்கு உண்டாவதில்லை. போனது போனதுதான்.

காட்டூரிலும் அக்கம் பக்கத்திலும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் ஏராளம். 1960-களில் திருவெறும்பூரில் பாய்லர் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபின் வளர்ந்த வட்டாரம் இது. ஆலைக்குள் ஓசைக்கு விதி உண்டு. 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது வரம்பு. மிஞ்சினால் காதுக்குக் கவசம் தர வேண்டும். இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் கண்ணயரும் தொழிலாளிக்கு வீட்டில் யார் கவசம் தருவார்கள்? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு யார் தருவார்கள்? தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு?

ஏட்டில் இருக்கும் சட்டம்

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பது எல்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவசியமின்றி ஹாரன் அடிக்கக் கூடாது என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. கூச்சலிடும் பல சுர ஹாரனை மோட்டார் வாகன விதிகள் தடுக்கின்றன. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது.

இத்தனையும் ஏட்டில் இருக்கின்றன. இரைச்சல் ரோட்டில் இருக்கிறது!

டிரைவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. "ஹாரன் அடிக்காமல் போனால் குறுக்கே வருகிறவன் கதி என்ன?" என்று கேட்கிறார்கள். பால் வாங்கப் போகும் சைக்கிளும், பள்ளிக்கூடப் பிள்ளையும், தொலைதூர லாரியும் ஒரே சாலையில் போனால் ஹாரன் ஒலிக்கத்தான் செய்யும். அது டிரைவரின் அச்சத்தில் பிறக்கும் ஒலி. பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்று இப்பகுதி மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்திருப்பதும் இதனால்தான். உள்ளூர் வண்டிக்குத் தனி வழி கிடைத்தால் விபத்து குறையும். கூடவே ஹாரனும் குறையும். சாலைக்குச் செலவாகும் பணத்தை விபத்துக் கணக்கோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. தூக்கத்தின் கணக்கையும் சேர்க்க வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பேரொலி ஹாரன்களைச் சோதனையிட்டுக் கழற்றுவதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்; சோதனை செய்ய மனம் இருந்தால் போதும். பள்ளிக்கூட வாசலில் பலகை வைப்பதோடு நிற்காமல், வாரத்துக்கு இரண்டு நாள் நின்று அபராதம் விதித்தால் செய்தி தானாகவே ஊர் முழுதும் பரவும்.

ஓசையையும் காட்சியையும் ஆராய்ந்த மேதை பிறந்த மண் இது. 1888-ல் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கரும்பூச்சு எப்படி அதற்கு இனிய நாதம் தருகிறது என்று ஆராய்ந்தார். முதுமையிலும் கண் பார்வையின் விந்தையை ஆராய்ந்து 1968-ல் நூல் வெளியிட்டார். நாதத்தை அறியும் அதே காதுதான் நாராசத்தையும் வாங்குகிறது. அதற்கு வேறு வழி இல்லை.

"பழகிப் போச்சு" என்பது பொறுமையின் பேச்சு. பொறுமை நல்லதுதான். ஆனால் நரம்புக்குப் பொறுக்கும் சக்தி எல்லையில்லாதது அல்ல. காதுக்கு இயற்கை இமை வைக்கவில்லை. அந்த இமையைச் சட்டமும் சமூகமும்தான் வைக்க வேண்டும்.