ஆர்கான் டார்ச்சுக்கு சொந்தத் தயாரிப்பு வாட்டர் கூலர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வத்தலக்குண்டு - பெரியகுளம் சாலையில் உள்ள தேவதானப்பட்டி போன்ற ஊர்களில், ஒரு சின்ன பட்டறைக்கு ஆர்கான் (டிக்) வெல்டிங் மெஷின் வாங்குவதே பெரிய முதலீடு. அதற்கு மேல் டார்ச்சைக் குளிர்விக்கத் தனியாக ஒரு வாட்டர் கூலர் என்றால், 'நாமளே செஞ்சா என்ன?' என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

தாராளமாகச் செய்யலாம். தொட்டியிலும் ஃபேனிலும் காசை மிச்சம் பிடிக்கலாம். பாதுகாப்பில் பிடித்தால், அதற்கான விலையை வெல்டரின் கைதான் கொடுக்கும்.

முதலில், கூலர் தேவையா?

17-ம் நம்பர் டார்ச் சுமார் 150 ஆம்பியர் வரையும், 26-ம் நம்பர் சுமார் 200 ஆம்பியர் வரையும் தாங்கும். இரண்டுக்கும் தண்ணீர் வேண்டாம். மெல்லிய எஸ்.எஸ். பைப்பில் கைப்பிடி, கேட் செய்ய இதுவே போதும். கனமான அலுமினியத்தை மணிக்கணக்கில் ஒட்டவைக்கும்போதுதான் 20, 18-ம் நம்பர் வாட்டர் டார்ச்சுகள் தேவைப்படுகின்றன.

இந்த டார்ச்சுகளில் கரன்ட் போகும் செம்பு கேபிள், தண்ணீர் திரும்பி வரும் ஹோஸுக்குள்ளேயே ஓடுகிறது. தண்ணீர் குளிர்விக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த கேபிளை மெல்லிசாகச் செய்கிறார்கள். ஓட்டம் நின்றால் டார்ச்சோடு சேர்ந்து கேபிளும் எரியும்.

குழாயைத் திறந்துவிட்டால் போதாதா?

நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 480 லிட்டர். மஞ்சளாறு அணை பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக தினமும் இவ்வளவு தண்ணீரைச் சாக்கடையில் விட முடியாது. போர் தண்ணீரில் உப்பு இருந்தால் டார்ச்சின் குறுகிய வழிகளில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் அதே தண்ணீரைச் சுற்றிவிடுவதுதான் சரி.

ஒரு பக்கெட் போதுமா?

டார்ச்சிலிருந்து 1 கிலோவாட் வெப்பம் தண்ணீரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்க் விடாமல் எரிந்தால், 20 லிட்டர் தண்ணீரின் சூடு ஒரு மணி நேரத்தில் சுமார் 43 டிகிரி ஏறும். 30 டிகிரியில் தொடங்கினால் 70-ஐத் தாண்டிவிடும். விட்டு விட்டுச் செய்யும் வேலைக்கு பக்கெட் மட்டும் போதும். தொடர் வேலைக்கு ரேடியேட்டரும் ஃபேனும் வேண்டும். அப்போதும் வெளியே வெயில் 38 டிகிரி என்றால், தண்ணீர் அதற்குக் கீழே குளிராது.

எதில் மிச்சம்?

தொட்டிக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் கேன் போதும். ரேடியேட்டர் பழைய வண்டியினுடையதாக இருக்கலாம்; உள்ளே துரு, சேறு போக நன்றாகக் கழுவி, வழியில் ஒரு ஃபில்டர் போட வேண்டும்.

பம்ப்புக்கு, தோட்டத்தில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருக்கும் 12 வோல்ட் டயஃப்ரம் பம்ப் நல்ல தேர்வு. டார்ச்சின் குறுகிய வழியில் தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் அதற்கு உண்டு. ஆனால் நாள் முழுக்க ஓட அது செய்யப்பட்டதில்லை. இடையிடையே ஓய்வு தர வேண்டும். ஏர்கூலர் பம்ப்பில் அந்த அழுத்தம் கிடையாது. போதாக்குறைக்கு, 230 வோல்ட்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்த மாதிரி ஆகிவிடும்.

எதில் கூடாது?

ஒன்று, தண்ணீர். அது நேரடியாக கரன்ட் போகும் செம்பைத் தொட்டு ஓடுகிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். டிஸ்டில்டு வாட்டர் அல்லது வெல்டிங் கூலருக்கென்றே விற்கும் கூலன்ட் மட்டும் ஊற்ற வேண்டும். கார் கூலன்ட் வேண்டாம்.

இரண்டு, ஃப்ளோ ஸ்விட்ச். டார்ச் ஸ்விட்ச் வயரில் இதைத் தொடராக இணைத்தால், தண்ணீர் ஓடாமல் ஆர்க் பிடிக்காது. விலை சில நூறு ரூபாய்தான். காப்பாற்றுவது டார்ச், கேபிள் இரண்டையும்.

மூன்று, எர்த்திங்கும் ஆர்.சி.சி.பி.யும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேஜையில் இருக்கும் இடத்தில் இதற்கு மாற்று கிடையாது.

வெல்டிங் மெஷின்களின் திரவக் குளிர்விப்புக்கென்றே ஐ.இ.சி. 60974-2 என்று தனி சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பக்கெட்டில் செய்தாலும் ஆபத்து அதேதான் என்பதால், இந்த மூன்றையும் விட முடியாது.

இவற்றுக்குக் கையில் காசு இல்லையா? அப்போது கூலர் கட்டுவதைத் தள்ளிவைத்து, 26-ம் நம்பர் டார்ச்சில் ஆம்பியரைக் குறைத்து, இடைவெளி விட்டு வேலை செய்வதே புத்திசாலித்தனம். வேலை கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.