பக்கவாதச் சிகிச்சை: 24 மணி நேர வரம்பும் தாமதத்தின் ஆபத்தும்

மூளையின் பெரிய இரத்தக் குழாயை அடைத்த உறைகட்டியை, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே நுண்குழாய் செலுத்தி, வலைபோன்ற ஸ்டென்ட் கருவியால் இழுத்தோ உறிஞ்சியோ அகற்றலாம். 2015-ஆம் ஆண்டின் ஆய்வுகள் இதன் பயனை உறுதிப்படுத்தியபோது, பொதுவான கால வரம்பு 6 மணி நேரமாகவே இருந்தது. 2018-இல் அது சிலருக்கு 24 மணி நேரமாக நீண்டது.

இதைக் காத்திருப்பதற்கான அவகாசமாகக் கருத வேண்டாம். காப்பாற்றத்தக்க மூளைத் திசு எஞ்சியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தோருக்கே இந்நீட்டிப்பு பொருந்தும். கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்துக்கோ பொதுவாக நான்கரை மணி நேரமே வரம்பு.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே ஆம்புலன்சை அழையுங்கள். நோயாளி கடைசியாக நலமாக இருந்த நேரத்தை மருத்துவரிடம் கூறுங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இக்கருவிச் சிகிச்சை இல்லை. அவ்வசதி இல்லையெனில் எங்கு மாற்றுவார்கள் என்பதை அப்போதே கேட்டறியுங்கள்.