ஆசிரியரை வகுப்பறைக்கு விடுங்கள்

அரசுப் பள்ளி ஆசிரியர்களின் தலையில் ஏற்றியிருக்கும் எழுத்தர் வேலையை அரசு உடனே இறக்கிவைக்க வேண்டும். பதிவேடுகளுக்கும் செயலிகளுக்கும் போகும் நேரம், மாணவர்களுக்குச் சேர வேண்டிய நேரம்.

அந்த நேரத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்குப் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் வாழ்க்கையே சாட்சி. அல்ஜியர்ஸ் நகரின் ஏழைக் குடியிருப்பான பெல்கூரில் வளர்ந்தவர் அவர். அப்பா 1914இல் போரில் இறந்துபோனார். வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதும் சரியாகக் கேட்காது. வீட்டில் பாட்டி வைத்ததே சட்டம். தொடக்கப் பள்ளி முடிந்ததும் பேரன் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் முடிவு. வகுப்பாசிரியர் லூயி ஜெர்மேன் அந்த வீட்டுக்கே போய், பாட்டியிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார். பள்ளி முடிந்த பிறகு காசு வாங்காமல் பாடம் நடத்தி, உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார்படுத்தினார். 1924இல் பையன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். 1957இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அம்மாவுக்கு அடுத்தபடியாக என் நினைவுக்கு வந்தவர் நீங்கள்தான் என்று ஜெர்மேனுக்குக் காம்யு கடிதம் எழுதினார். நோபல் உரையையும் அவருக்கே காணிக்கையாக்கினார். அந்தப் பையன் எழுத்தாளராகாமல் தபால்காரராகியிருந்தாலும் ஜெர்மேன் செய்தது இதே அளவு பெரிய காரியம்தான்.

நம் ராமேஸ்வரத்திலும் அப்துல் கலாமின் பள்ளி ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் விளக்கினார். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றதும் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவைகளையே காட்டினார். தன் வாழ்க்கையின் திசையைத் தீர்மானித்த பாடம் அது என்று கலாம் பல மேடைகளில் சொன்னார்.

மாணவருக்காக இப்படிச் செலவிட இன்றைய ஆசிரியருக்கு நேரம் எங்கே இருக்கிறது? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இவை தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியர்களை ஈடுபடுத்தக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு. ஆனால் தமிழ்நாட்டின் கல்வித் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸில் வருகை முதல் விலையில்லாப் பொருள் விநியோகம் வரை பதிவேற்றும் வேலை, பள்ளி நிர்வாகம் என்ற பெயரில் பல இடங்களில் அவர்களிடமே வந்து சேர்கிறது. இது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதமானது.

திட்டங்கள் உரியவரைச் சேர்ந்தனவா என்று அறிய அரசுக்குத் தரவு வேண்டும் என்பது நியாயம். அதைச் சேகரிக்கத் தனி ஆட்கள் வேண்டும் என்பதும் நியாயமே. நல்ல ஆசிரியர் எப்படியாவது நேரம் கண்டுபிடிப்பார் என்பது சமாதானம் ஆகாது. சிலருடைய தியாகத்தை நம்பி ஒரு துறையை நடத்த முடியாது.

காலிப் பணியிடங்களாலும் இதே கேடுதான். அவற்றில் 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியருக்கு நிர்ணயித்த மாதத் தொகை 7,500 ரூபாய். அடுத்த ஆண்டு இதே பள்ளியில் இருப்போமா என்று தெரியாதவர், படிப்பை நிறுத்தப்போகும் பிள்ளையின் வீட்டுக்குப் போய் எந்த உறுதியைக் கொடுப்பார்?

அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் குறுவள மையம் தோறும் தரவுப் பதிவாளர்களை நியமிக்க வேண்டும். ஆசிரியர் காலியிடங்களை நிரந்தர நியமனத்தால் நிரப்ப வேண்டும். இரண்டுக்குமான நிதியை வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்க வேண்டும்.