அகில் மரமும் எள்ளளவு வண்டும்



காயப்பட்ட அகில் மரந்தான் மணக்கும், அதுபோலப் பாடுகளைப் பொறுத்துக்கொள்கிற வாலிபனே கர்த்தருக்குப் பிரயோஜனப்படுவான் என்ற உவமையை நம் கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அது பாதிக் கதை.

அஸ்ஸாம் பகுதியில் வளரும் அகிலின் நல்ல கட்டை வெளிறியது, மணமில்லாதது. ஒரு பூச்சியின் புழு தண்டைத் துளைத்து, அந்த வழியாகப் பூஞ்சை புகுந்தால், மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கறுத்த பிசினைச் சுரக்கிறது. வாசனை அதில்தான். ஆனால் உள்ளே பிசின் இருக்கிறதா என்று வெளியே நின்று சொல்வது கடினம். ஆகையால் வெட்டிப் பார்க்கிறார்கள். இப்படி வெட்டி வெட்டி, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் 2018-இல் அதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. மணத்தால் லாபம் அடைந்தது மரம் அல்ல.

இனி நம் ஆஸ்திரேலியாவுக்கு வாருங்கள். 2021 ஆகஸ்டில் பெர்த் அருகே கிழக்கு ஃப்ரிமாண்டிலில் ஒரு வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. நீளம் 2 மில்லிமீட்டர், எள்ளைவிடச் சிறியது. பிறப்பிடம் தென்கிழக்கு ஆசியா. அது கட்டையைத் தின்பதில்லை. பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் சுரங்கம் தோண்டி, தன்னோடு கொண்டுவந்த பூஞ்சையைப் பயிரிட்டு, அதைத்தான் தின்கிறது. பூஞ்சையோ மரத்தின் நீரோட்டத்தை அடைத்துவிடுகிறது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டினார்கள். அப்படியும் 2025-இல், இதை முற்றிலும் ஒழிக்க இனி இயலாது என்று அறிவிக்க நேர்ந்தது.

இரண்டிலும் துளையும் பூஞ்சையுந்தான். ஒரு மரம் மணக்கிறது, இன்னொன்று பட்டுப்போகிறது. துளையை மட்டும் பார்த்து முடிவை யார் சொல்ல முடியும்?

நர்ஸ்களாகிய நாங்கள் புண்ணைக் கண்டால் கழுவிக் கட்டுகிறோம். பகலில் படிப்பு, ராத்திரி ட்ருகனினா வேர்ஹவுஸில் வேலை என்று ஓடி, மாதக்கணக்காகத் தூக்கமில்லை என்கிற தம்பியிடம், "பொறுத்துக்கொள், இது உனக்குச் சாட்சியாகும்" என்று சொல்வது எனக்குச் சம்மதமில்லை. பெரியவர்கள் கோபித்தாலும் சரி. அவனுக்காக ஜெபியுங்கள், அந்த வாரமே ஜி.பி.யிடம் கூட்டிக்கொண்டும் போங்கள். மெடிகேர் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாணவர்களுக்கான இன்சூரன்ஸ் டாக்டர் செலவுக்கு உதவும்.

பெர்த் வண்டு முதலில் வெளிப்பட்டதும் ஒரு வீட்டுத் தோட்டத்தில்தான். மரத்தில் ஏதோ சரியில்லையே என்று அங்கிருந்தவர் தகவல் கொடுத்தார். அது போடும் துளை பால்பாயின்ட் பேனா முனையளவே இருக்கும்.